தலையணைக்கு அடியில் ஒரு நூலகம்

சென்ற மாதம் ஒரு பிற்பகல், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டிருந்தேன். இடது கையில் ஒரு காதல் நாவல். வலது கையில் பழைய கொலை வழக்குகளைப் பற்றிய ஒரு புத்தகம். எதை முதலில் படிப்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, எனக்குப் பழக்கமான தமிழாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், எதிரே வந்து சேர்ந்தார்.

இரண்டு அட்டைகளையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இதையெல்லாம்கூட நீங்கள் படிக்கிறதுண்டா?"

"ஒரு கட்டுரைக்காக, ஐயா. ஆராய்ச்சி மாதிரி" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்படி நகரும்போது, அவர் மார்போடு அணைத்திருந்த பெரியபுராண உரைக்கு அடியிலிருந்து இன்னொரு புத்தகத்தின் முனை எட்டிப் பார்த்தது. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதை!

நான் சொன்னது பச்சைப் பொய். கட்டுரை எழுதும் உத்தேசம் எனக்கு அப்போது கொஞ்சமும் இல்லை. நாவல் எழுதியே பிழைக்கிற ஒருவன், நாற்பது வயதைத் தாண்டியவன், கையில் ஒரு நாவலை வைத்திருந்ததற்காக ஏன் பொய் சொல்ல வேண்டும்? வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. யோசித்துப் பார்த்தபோது, இந்தப் பொய் என் சொந்தச் சம்பாத்தியம் அல்ல, பரம்பரையாக வந்த சொத்து என்று தெரிந்தது. சொன்ன பொய்க்குப் பிராயச்சித்தமாக அந்தக் கட்டுரையையே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். அதுதான் இது.

என் பாட்டிக்குப் பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அவள் படிக்காத நாவல் இல்லை என்று என் தாயார் சொல்வாள். மத்தியானம் ஆண்கள் உண்டு உறங்கும் ஒரு மணி நேரம்தான் அவளுடைய வாசக சாலை. மாமனார் இருமும் சத்தம் கேட்டால் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். "நாவல் படிக்கிற பெண் குடித்தனத்துக்கு உதவ மாட்டாள்" என்பது அந்த மாமனாரின் சித்தாந்தம். அவரும் லேசுப்பட்ட ரசிகர் அல்ல. நல்லதங்காள் கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, திண்ணையில் உட்கார்ந்து கண்ணீர் விடுவாராம்! அப்படியானால் கதையின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. வேறு எதன் மேல்?

நமது பழைய வாசிப்பு முறையை நினைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது. புராணமோ அம்மானையோ, ஒருவர் உரக்கப் படிப்பார். ஊர் கூடிக் கேட்கும். என்ன படிக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாவல் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. வாயை மூடிக்கொண்டு, தனியாக, மூலையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய சரக்கு அது. மருமகள் கண்களை மட்டும் அசைத்துக்கொண்டு எதையோ படிக்கிறாள், நடுவில் சிரிக்கிறாள், திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். என்ன நடக்கிறது என்று மாமனாருக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் அறிந்த இரகசியம் ஒன்று இருப்பதைப் பெரியவர்களால் பொறுக்க முடியவில்லை. நாவலின் மேல் விழுந்த பழி பாதிக்கு மேல் இந்தத் தனிமையின் மேல் விழுந்த பழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். அவர் 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டபோது நீதியும் வேடிக்கையும் கலந்து கொடுத்தார். ஆகவே யாருக்கும் பயம் உண்டாகவில்லை. 1893-இல் 'விவேக சிந்தாமணி'யில் ராஜமய்யர் எழுதத் தொடங்கிய கமலாம்பாள் சரித்திரத்துக்கு 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்று இன்னொரு பெயரும் உண்டு. 1898-இல் மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' வந்தது. இவை மூன்றும் இன்று பாடப் புத்தகத்தில் கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் வாசகர்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கியவர்கள் இவர்களுக்கு அடுத்து வந்தவர்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதைகளையும் பிறவற்றையும் தமிழுக்கு இழுத்து வந்து, பாத்திரங்களுக்குத் தமிழ் உடை உடுத்தினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' மூலம் துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு விருந்தாளியானான். வடுவூர் துரைசாமி ஐயங்காரோ திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரையே படைத்தார். லண்டன் துப்பறிவாளருக்குத் தொப்பியும் சுங்கானும் என்றால், நம்மவருக்குச் சாமியார் வேஷம்! இவர்கள் கதைகளில் காதலும் கொலையும் ஒரே அட்டைக்குள் குடித்தனம் நடத்தின. கதாநாயகி காணாமற் போவாள். அவளைத் தேடும் சாக்கில் காதலும் வளரும், குற்றமும் வெளிப்படும். இன்றைய நூலகத்தில் தனித்தனி அலமாரியில் வைக்கிற இரண்டும் அன்று ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பண்டிதர்கள் இவற்றைக் கண்டித்தார்கள். மொழி கெட்டது, ஒழுக்கம் கெட்டது என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். அந்த நாவல்களில் சிலவற்றை இப்போது படித்தால் பத்துப் பக்கத்துக்கு ஒரு கொட்டாவி வருகிறது. ஆயினும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தியை நானூறு பக்கம் ஒரே மூச்சில் படிக்கவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பண்டிதர்கள் யோசிக்கவில்லை.

யோசித்தவர் ஒருவர் திருவல்லிக்கேணியில் இருந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்து வயதில் விவாகம். பள்ளிக்கூடத்து வாசலை அவர் மிதித்ததில்லை. அவருடைய முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினாள் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் 1925-இலிருந்து 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார். 1960-இல் காலமானார். என் பாட்டியின் தலையணைக்கு அடியில் அதிகமாக வாசம் செய்தவர் இந்த அம்மாள்தான். ஒரு பெண் எழுதி, ஒரு பெண் அச்சிட்டு, இன்னொரு பெண் ஒளித்துவைத்துப் படித்த அந்தச் சங்கிலியை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. மாமனார் பயந்ததில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

* * *

காதல் இப்படி ஒளிந்து வளர்ந்தது. கொலை அப்படி அல்ல. அது தெருவில் பாடிக்கொண்டே வந்தது.

சென்னையில் பார்க் டவுன் பக்கம் குஜிலி பஜார் என்று ஒரு கடைத்தெரு இருந்தது. காலணா, அரையணா விலையில் மெல்லிய பாட்டுப் புத்தகங்கள் அங்கே அச்சாகி விற்பனையாயின. ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து. புயல் அடித்தால் ஒரு சிந்து. எங்கேயாவது ஒரு கொலை விழுந்தால் 'கொலைச் சிந்து'. சந்தையிலும் ரயிலிலும் பாடிக் காட்டி விற்பார்கள். படிக்கத் தெரியாதவனும் காதால் வாங்கிக்கொண்டு போவான். உண்மைக் குற்றக் கதைக்கு இன்று உலகமெங்கும் பெரிய சந்தை இருக்கிறது. லண்டனில் தூக்குத் தண்டனை நாளில் ஒற்றைக் காகிதத்தில் பாட்டு விற்றார்கள். நாம் குஜிலியில் விற்றோம். மனித சுபாவத்துக்குக் கடல் தடையில்லை.

தமிழ்நாட்டில் நாவலாசிரியர்களைத் திகைக்கவைத்த வழக்குகள் சில உண்டு. 1919-இல் தேனாம்பேட்டை நியூயிங்டன் மாளிகையில், ஜமீன் பிள்ளைகளுக்கான பள்ளியின் தலைவர் டிலா ஹே என்ற வெள்ளைக்காரர் தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் மேல் சந்தேகம் விழுந்தது, விசாரணை பம்பாய்க்கு மாற்றப்பட்டது, குற்றம் நிரூபணமாகவில்லை. 1944 நவம்பரில் 'இந்து நேசன்' லக்ஷ்மிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றவர் அவர். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி, 1947-இல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது. 1952-இல் ஆளவந்தார் என்ற பேனா வியாபாரியின் உடல், தலை இல்லாமல், ராமேசுவரம் போகும் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து மானாமதுரையில் எடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர் தாமே கதைகள் எழுதியவர். குற்றம் செய்தவர்களின் நிலைமையை அவர் மனத்தில் வாங்கிக்கொண்டு, தண்டனையைக் குறைவாகவே விதித்தார். அது சரியா என்று அன்று ஊரெல்லாம் வாதம் நடந்தது.

இந்தச் சங்கதிகளை நாம் ஏன் விழுந்து விழுந்து படிக்கிறோம்? இரத்தம் பார்க்கும் ஆசை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு என்னவோ, கொலை வழக்கைப் படிக்கிறவன் தன்னையறியாமல் ஜூரியில் போய் உட்கார்ந்துவிடுகிறான் என்றுதான் படுகிறது. சாட்சி சொல்கிறவன் பொய் சொல்கிறானா, இந்தக் கடியாரம் ஏன் நின்றது, பணக்காரனுக்கு ஒரு நியாயமும் ஏழைக்கு ஒரு நியாயமுமா என்றெல்லாம் யோசிக்கப் பழகுகிறான். தேவன் தமது 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னில் ஒரு கொலை விசாரணையையே நாவலாக்கினார். கோர்ட்டின் படியை மிதிக்காத குடும்பங்கள் அதைப் படித்துக் குறுக்கு விசாரணை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டன. காதல் கதை நம்பக் கற்றுக்கொடுக்கிறது. குற்றக் கதை சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவன் உலகத்தில் சிரமப்படுவான்.

* * *

சரி, இவ்வளவு கதைகளையும் விலை கொடுத்து வாங்க முடியாதவன் எங்கே போவான்?

கோட்டூர்புரத்தைச் சுற்றிலும் புத்தகச் செல்வத்துக்குக் குறைவில்லை. அடையாற்றங்கரையில் கர்னல் ஆல்காட் 1886-இல் நிறுவிய பிரம்மஞான சபை நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் பெயரில் 1943-இல் ஏற்பட்ட நூல் நிலையம் இருக்கிறது. ஏட்டுச் சுவடிகளைக் காப்பாற்றிய மகத்தான இடங்கள். ஆனால் திகம்பர சாமியாரை அங்கே போய் விசாரிக்க முடியுமா? எழும்பூரில் கன்னிமாரா 1896-இலேயே திறந்தாயிற்று. இருந்தாலும் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு எழும்பூர் வெகு தூரம்.

அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் முதல்வர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகத்துக்கு வந்தார். அன்று புத்தகங்கள் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்து வந்து தருவார்கள். அவர் அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகனே உள்ளே போய்த் தேடலாம். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டின் சாரம் இது: ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும். வரன் பார்க்கிற மாதிரிதான். ஆனால் அவர் விதியில் உயர்ந்த புத்தகம், தாழ்ந்த புத்தகம் என்ற ஜாதகப் பொருத்தம் கிடையாது! அவரும் மற்றவர்களும் உழைத்ததன் பலனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகி, கிளை நூலகங்கள் ஊரூராக முளைத்தன.

சட்டம் எட்டாத இடத்தை வாடகை நூலகங்கள் நிரப்பின. கோபாலபுரம் பக்கத்தில் ஈஸ்வரி வாடகை நூலகம் 1955-இல் தொடங்கியது. அம்மாதிரிக் கடைகளில் லக்ஷ்மியின் நாவலும், தமிழ்வாணனும், பிற்பாடு ரமணி சந்திரனும் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தார்கள். விலைக்கு வாங்குகிறவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985-இல் அது தீக்கிரையாயிற்று. என் தலைமுறைக்கு வாய்த்தது பஸ் நிலையக் கடையில் தொங்கிய மாத நாவல். ராஜேஷ்குமாரின் நாவலுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் போலப் பழுப்புத் தாள் அட்டை போட்டு, மேலே 'வரலாறு' என்று எழுதி ஒட்டி வைத்திருந்தேன். பாட்டி ஒருத்திதான் அதைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துவிட்டு, "முடித்ததும் எனக்குக் கொடு" என்றாள்.

அந்தப் பாட்டி இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அவளுடைய தகரப் பெட்டி நிறையப் பழைய மாதப் பத்திரிகைகளும், தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த தொகுப்புகளும் இருந்தன. செல்லரித்த காகிதம் வீட்டுக்கு ஆகாது என்றார்கள். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டு, அதை மாடியிலிருந்து இறக்கி வந்து எடை போட்டவன் நான்தான். கிடைத்த காசில் நானும் என் தம்பியும் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம். அது ருசியாக இருந்தது என்பதுதான் இன்று நினைத்தாலும் என்னைச் சுடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததுதான் நாடெங்கும் நடந்தது. 1867-ஆம் வருஷச் சட்டத்தின்படி வெள்ளைக்காரச் சர்க்கார் அச்சான புத்தகங்களையெல்லாம் பட்டியல் போட்டது. தேசத்துரோகம் எங்கே அச்சாகிறது என்று வேவு பார்க்கும் எண்ணமும் அதில் உண்டு. அதில் காலணாப் பாட்டுப் புத்தகத்தின் பெயரும் ஏறியது. பெயர் மிஞ்சியது, புத்தகம் மிஞ்சவில்லை. வேவுக்காரனுக்கு இருந்த சிரத்தை ரசிகர்களாகிய நமக்கு இல்லாமற் போயிற்று.

ஒருவருக்கு இருந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். அரிசியில் எழுத்துப் பொறிக்கும் கைவித்தை உடையவர். அவர் வாழ்நாள் முழுவதும் புத்தகம் சேர்த்தார். காவியம், நாவல், குஜிலிப் பாட்டு, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று பேதம் பார்க்காமல் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக் கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கடல் கடத்திக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. இன்று அது தரமணியில், கோட்டூர்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தைவிடச் சற்றே அதிகமான தொலைவில் இருக்கிறது. அறிஞர்கள் வீசியெறிந்த குஜிலி நூல்களை அந்தச் சேகரத்திலிருந்து எடுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி 2004-இல் 'முச்சந்தி இலக்கியம்' எழுதினார். 2008-இல் நமது மாத நாவல்களை ஒரு சென்னைப் பதிப்பகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. அதன் பிறகு, அவற்றை வரவேற்பறையில் வைக்கலாம் என்று சிலருக்குத் தைரியம் வந்தது. நம் சரக்குக்கு வெளியூர் முத்திரை விழுந்தால்தான் நமக்கு நம்பிக்கை பிறக்கும் போலிருக்கிறது.

* * *

கோட்டூர்புரம் நூலகம் 2010 செப்டம்பர் 15-இல், அண்ணாவின் பிறந்த நாளில் திறக்கப்பட்டது. எட்டு ஏக்கரில் ஒன்பது தளங்கள். பன்னிரண்டு லட்சம் புத்தகங்கள் வைக்க இடம். கண் தெரியாதவர்களுக்குப் பிரெயில் புத்தகம். குழந்தைகளுக்கு ஒரு தனி உலகம். பழைய ஏட்டுச் சுவடிகளும் அங்கே வந்து சேர்ந்தன. திறந்து ஓராண்டு கொஞ்சம் கடந்திருக்கும். 2011 நவம்பரில், அந்தக் கட்டிடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கி நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றப்போவதாக அரசாங்க அறிவிப்பு வந்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள்; வழக்குத் தொடுத்தார்கள்; உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் இருந்த இடத்திலேயே நிலைத்தது.

அந்த நாட்களில் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி வேண்டாமா?" வேண்டும், நிச்சயமாக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியும் நூலகமும் ஒரே கட்டிடத்துக்காகச் சண்டை போட வேண்டிய அளவுக்குத் தமிழ்நாட்டில் நிலம் வற்றிவிடவில்லையே! எனக்கு அப்போது ஞாபகம் வந்தது தகரப் பெட்டிதான். பதினான்கு வயதில் எடை போட்டு விற்றதை இன்னொரு முறை, அதுவும் இவ்வளவு பெரிய அளவில், பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

தரமணிக்குப் போய்ப் பாட்டி காலத்து இதழ்கள் சிலவற்றைப் பார்த்தேன். அவள் பெட்டியில் இருந்தவற்றில் எது அங்கே இருக்கிறது, எது இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவற்றின் பெயர்களைக்கூட நான் குறித்து வைக்கவில்லை. அந்தக் கணக்குத் தீராத கணக்கு.

அதற்குப் பிறகு ஒருநாள் மறுபடியும் கோட்டூர்புரம் போனேன். ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். உத்தியோகப் பரீட்சைக்கான தடித்த புத்தகம் ஒரு பக்கம் மூடிக் கிடந்தது. கையில் ஒரு நாவல். சுற்றிலும் அத்தனை பேர். நடுவில் அவள் தனக்குத் தானே சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன படிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமனார் இருமல் கேட்டுத் திடுக்கிடாமல், தலையணையைத் தேடாமல், நாலு பேர் நடுவில் தனியாகப் படிக்கிற இந்தச் சுதந்திரத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அழகு.

படியிறங்கும்போது தமிழாசிரியர் எதிரே வந்தார்.

"கட்டுரை முடிந்ததா, தம்பி?"

"முடியப்போகிறது, ஐயா. ஆனால் அன்றைக்கு நான் அந்தப் புத்தகங்களை எடுத்தது கட்டுரைக்காக இல்லை. படிக்கத்தான் எடுத்தேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தக் கொலை வழக்குப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது?"